தமிழ்ச் சொல்லை வெட்டிப் பார்த்துச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரசீதுகளிலும் அட்டைகளிலும் குறுஞ்செய்திகளிலும் தமிழ்ப் பெயர்கள் வால் அறுந்து வருவதைப் பார்த்துவிட்டு, ‘ஃபான்ட் சரியில்லை’ என்று சொல்லிக் கடந்துபோகிறோம். மீ. முத்துக்குமாரசாமி என்ற பெயர் ‘மீ. முத்துக்குமாரசாம’ என்று அச்சாகிறது. கோபால் என்ற தந்தை பெயரின் முன்னெழுத்து ‘க’ என்று விழுகிறது. அடுத்த வரியின் தொடக்கத்தில் புள்ளி வட்டம் ஒன்றும் அதனோடு ஒரு கொம்பும் தனியே நிற்கின்றன. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஃபான்ட் காரணமே இல்லை. டேட்டாபேஸுக்குள் இருக்கும் ‘சப்ஸ்ட்ரிங்’ என்ற சின்ன ஃபங்ஷனை ஆங்கில எழுத்தையும் இலக்கத்தையும் மட்டும் கொடுத்துச் சோதித்துவிட்டு, தமிழ்ப் பெயர்கள்மேல் ஏவிவிடுவதால் வரும் கோளாறு இது. தமிழில் மென்பொருள் செய்யும் ஒவ்வொரு அலுவலகத்திலும் இந்தச் சோதனை நடக்க வேண்டும் என்பதற்காக, செய்முறையோடு இதை எழுதுகிறேன்.

சப்ஸ்ட்ரிங் செய்வது எளிய வேலை, உரையின் ஒரு பகுதியை வெட்டித் தருவது. ஒரு சரத்தையும் (எழுத்துகள் வரிசையாக அமைந்த உரை) இரண்டு எண்களையும் கொடுக்கிறோம்: எந்த இடத்திலிருந்து, எத்தனை. இடத்தை 1-லிருந்து எண்ண வேண்டும். ‘எத்தனை’ என்றால் எத்தனை என்ன? அங்கேதான் தமிழுக்குத் தொல்லை தொடங்குகிறது. கண்ணுக்கு ‘தமிழ்’ மூன்று எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகத் தரமான யூனிகோடின் கணக்கில் அது ஐந்து குறியெண்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. வட்டில் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் எழுதும்போது ஒவ்வொரு குறியெண்ணுக்கும் 3 பைட் ஆகிறது, மொத்தம் 15. ஆக ஒரே சொல்லுக்கு 3, 5, 15 என மூன்று அளவுகள். ஆங்கிலத்தில் இந்த மூன்றும் ஒரே எண்ணாக இருப்பதால், ஆங்கிலச் சோதனையில் எந்தப் பிழையும் தலை காட்டாது.

அதனால் முதல் சோதனை சப்ஸ்ட்ரிங்கே அல்ல, நீளம். ‘தமிழ்’ என்ற சொல்லை ஒரு அட்டவணையில் சேமித்து, அங்கிருந்து எடுத்து, எழுத்து நீளத்தையும் பைட் நீளத்தையும் கேளுங்கள். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், யூடிஎஃப்-8 முறையில் அமைத்த ஆரக்கிள் ஆகிய மூன்று டேட்டாபேஸ்களும் 5, 15 என்று சொன்னால் தொடரலாம். எஸ்க்யூஎல் சர்வர் என்ற டேட்டாபேஸில், தமிழ்க் குறியெண்ணுக்கு 2 பைட் எடுக்கும் யூடிஎஃப்-16 நெடுவரிசை என்றால் 5, 10. மைஎஸ்க்யூஎல்லில் ‘லென்த்’ என்பது பைட் நீளம், ‘கேர் லென்த்’ என்பதுதான் எழுத்து நீளம். போஸ்ட்கிரெஸில் ‘லென்த்’ என்பதே எழுத்து நீளம். ஒன்றில் பழகியவர் மற்றொன்றுக்கு மாறும்போது அடிக்கடி சறுக்கும் இடம் இது.

விடை மாறி வந்தால், மாறிய எண்ணே நோயைச் சொல்லிவிடும். இரண்டும் 15 என்றால் டேட்டாபேஸ் பைட்டையே எழுத்தாக எண்ணுகிறது என்று பொருள். போஸ்ட்கிரெஸில் டேட்டாபேஸை எஸ்க்யூஎல்-ஆஸ்கி என்ற குறியாக்கத்தில் உருவாக்கியிருந்தால் இப்படித்தான் வரும். எழுத்து 15, பைட் 30 அல்லது அதற்கு மேல் என்றால், உள்ளே வரும் இணைப்பு லத்தீன்-1 (எழுத்துக்கு ஒரு பைட் என்ற பழைய மேற்கத்தியக் குறியாக்கம்) என்று அறிவிக்கப்பட்டு, யூடிஎஃப்-8 பைட்டுகள் மறுபடியும் ஒருமுறை யூடிஎஃப்-8 ஆக்கப்பட்டிருக்கின்றன. திரும்ப எடுக்கும்போது அதே தவறான இணைப்பு அதைத் தலைகீழாக மாற்றித் தருவதால், திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரியும். வெட்டும்போதுதான் குட்டு உடையும். இன்னொன்று இன்னும் மோசம். யூடிஎஃப்-8 காலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதித்தொகுப்பு) இல்லாத எஸ்க்யூஎல் சர்வரில் மேற்கோள் குறிக்கு முன் ‘என்’ என்ற ஆங்கிலப் பேரெழுத்தைப் போடாமல் தமிழ்ச் சொல்லை எழுதினால், உள்ளே போவது ஐந்து கேள்விக்குறிகள். நீளம் கேட்டால் 5 என்றே விடை வரும், நீளச் சோதனையும் தேறிவிடும். ஆகவே நீளத்தோடு நிறுத்தாமல் பைட்டுகளையும் அச்சிட்டுப் பாருங்கள்.

அந்தப் பைட்டுகளை ஒருமுறை கண்ணால் பார்ப்பது நல்லது. ‘தமிழ்’ வட்டில் இப்படி இருக்கும்: 224 174 164, 224 174 174, 224 174 191, 224 174 180, 224 175 141. முதலில் நிற்பது எப்போதும் 224. இரண்டாவது பைட் உயிர்களுக்கும் மெய்களுக்கும் 174. ஈகாரக் குறி தொடங்கிப் புள்ளி வரை 175. பைட் கணக்கில் முதல் நான்கை வெட்டினால் ‘த’ முழுதாக வரும், அதன் பின்னால் 224 என்ற ஒற்றைப் பைட் தொங்கும். அந்தத் தொங்கல்தான் திரையில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாகத் தெரிகிறது. போஸ்ட்கிரெஸ் போன்றவை அப்படிப்பட்ட பைட்டை உள்ளே விடாமல் ‘செல்லாத பைட் வரிசை’ என்று பிழை சொல்லும். ஆரக்கிளில் 20 என்று அளவு கொடுத்த நெடுவரிசை, வேறு அமைப்பு இல்லையென்றால், 20 பைட்டையே குறிக்கும். தமிழில் அதற்குள் அடங்குவது ஆறே குறியெண்கள். பெரிய பெயர் வந்தால் ஆரக்கிள் ஏற்க மறுக்கும். அந்தப் பிழையை அடக்குவதற்காக யாராவது பைட் கணக்கில் வெட்டும் ஃபங்ஷனைச் செருகிவிடுகிறார்கள். நெடுவரிசை அளவை எழுத்துக் கணக்கில் அறிவிப்பதே அங்கே சரியான மருந்து.

பைட் கணக்குச் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டேட்டாபேஸ் இப்போது குறியெண்ணை எண்ணுகிறது. தமிழ் எழுத்தை அது இன்னும் எண்ணவில்லை. நம் இலக்கணத்தில் ‘க்’ என்ற மெய்யோடு ‘அ’ சேர்ந்து ‘க’ ஆகிறது. யூனிகோடில் தலைகீழ்: அகரம் ஏறிய ‘க’தான் அடிப்படை, அதன்மேல் புள்ளியைச் சேர்த்தால் ‘க்’. எனவே கடைசிக் குறியெண்ணை வெட்டினால் எழுத்து குறையாது, வேறு எழுத்தாக மாறிவிடும். ‘தமிழ்’ என்பதிலிருந்து நான்கு கேட்டால் ‘தமிழ’, இரண்டு கேட்டால் ‘தம’. மூன்றாம் இடத்திலிருந்து கேட்டால் தலையில்லாத இகரக் குறியில் தொடங்கும். மேலே சொன்ன ‘மீ. முத்துக்குமாரசாமி’ கண்ணுக்குப் புள்ளி, இடைவெளி சேர்த்து 12 இடம்தான். குறியெண் கணக்கில் 21. பெயருக்கு 20 போதும் என்று நினைத்தவர் தாராளமாகவே ஒதுக்கியிருக்கிறார். ஆனால் 21-ஆவதாக நின்ற இகரக் குறி உதிர்ந்துபோனது.

முன்னெழுத்து இதைவிடக் கவலைக்குரியது. தந்தை பெயரின் முதல் எழுத்தை எடுக்க ‘இடப்பக்கத்திலிருந்து ஒன்று’ என்று க்வெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எழுதுவது வழக்கம். கோபால், கிருஷ்ணன், குமரேசன், கந்தசாமி எல்லோருக்கும் ‘க’ என்றே விடை வரும். முன்னெழுத்தைத் தமிழிலேயே எழுதும் வழக்கம் பரவியிருக்கும் இந்த நாளில், கோ. முருகனும் கு. முருகனும் க. முருகன் ஆகிவிட்டால் ஆளையே மாற்றிவிட்டதாக ஆகும்.

அடுத்து, ஒரே எழுத்து இரண்டு வடிவில் சேமிக்கப்படுவது. ‘கோ’ என்பதை க (2965), ஓகாரக் குறி (3019) என்று இரண்டு குறியெண்ணாக எழுதலாம். க (2965), ஏகாரக் குறி (3015), கால் (3006) என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றேபோல் இருக்கும். யூனிகோடும் இரண்டையும் சமம் என்றே சொல்கிறது. சப்ஸ்ட்ரிங்குக்கு அந்தச் சமம் தெரியாது. ‘கோபால்’ என்பதிலிருந்து முதல் இரண்டைக் கேட்டால் முதல் வடிவில் ‘கோ’ வரும், இரண்டாம் வடிவில் ‘கே’ வரும். ஒகரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே கதைதான். மேக் கணினிகளின் பழைய கோப்பு அமைப்பு கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே வைத்திருந்தது. அங்கிருந்து பெயர்ப் பட்டியலை எடுத்து ஏற்றினால் பிரித்த வடிவம் உள்ளே வந்துவிடும். இன்னொன்று தட்டச்சில் வருவது: ‘சௌந்தரம்’ என்பதை ஔகாரக் குறி போட்டு எழுதாமல், எகரக் குறிக்குப் பின் ‘ள’ என்ற எழுத்தைத் தட்டி ‘செளந்தரம்’ என்று எழுதுகிறார்கள். இது உண்மையிலேயே வேறு சொல். சமமான வடிவங்களை ஒரே வடிவாக்கும் எந்த நார்மலைஸ் ஃபங்ஷனும் இதைச் சரிசெய்யாது. தேடித் திருத்தத்தான் வேண்டும்.

பிரித்த வடிவத்துக்கு மருந்து உண்டு. போஸ்ட்கிரெஸில் 13-ஆம் பதிப்பு முதல் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் உள்ளேயே இருக்கிறது. சேர்த்த வடிவமான என்எஃப்சி-க்கு மாற்றிவிட்டு அதன் பிறகு வெட்ட வேண்டும். வெட்டிய பிறகு நார்மலைஸ் செய்வதில் பயனில்லை, ‘கே’ என்று ஆகிவிட்டதை ‘கோ’ ஆக்க முடியாது. வசதி இல்லாத டேட்டாபேஸில், உள்ளே எழுதும் நிரலிலேயே மாற்றி எழுதுங்கள்.

இனி எல்லைச் சோதனைகள். இதற்கு உயிரெழுத்துகளைப் போல வசதியான கருவி வேறில்லை. ‘அஆஇஈஉஊ’ என்ற ஆறும் ஒவ்வொன்றும் ஒற்றைக் குறியெண். எழுத்தும் குறியெண்ணும் ஒன்றாக இருப்பதால், விடை தவறினால் தவறு எண்ணிக்கையில்தான் என்று உடனே தெரியும். 0-ஆம் இடத்திலிருந்து 3 என்று கேளுங்கள். போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூலைட் மூன்றும் ‘அஆ’ என்று தரும். இல்லாத 0-ஆம் இடத்தையும் ஒரு இடமாக எண்ணிக் கழித்துவிடுகின்றன. ஆரக்கிள் 0 என்றால் 1 என்றே எடுத்துக்கொண்டு ‘அஆஇ’ தரும். மைஎஸ்க்யூஎல் எதையும் தராது, வெற்றுச் சரம். நிரல்மொழிகளில் 0-லிருந்து எண்ணிப் பழகியவர் எழுதிய க்வெரி ஆரக்கிளில் ஆண்டுக்கணக்கில் சரியாக ஓடியிருக்கும். மைஎஸ்க்யூஎல்லுக்கு மாற்றிய அன்று எல்லாப் பெயரும் காலி.

-2-ஆம் இடத்திலிருந்து 2 என்று கேட்டால் மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள், எஸ்க்யூலைட் மூன்றும் கடைசியிலிருந்து எண்ணி ‘உஊ’ தரும். போஸ்ட்கிரெஸும் எஸ்க்யூஎல் சர்வரும் எண்கோட்டில் இடப்பக்கம் போய், -2, -1 என்ற இரண்டு இடத்திலும் எழுத்தில்லை என்று வெற்றுச் சரம் தரும். எத்தனை என்ற இடத்தில் எதிர்ம எண் கொடுத்தால் போஸ்ட்கிரெஸும் எஸ்க்யூஎல் சர்வரும் பிழை சொல்லி நிற்கும். மைஎஸ்க்யூஎல் வெற்றுச் சரம் தரும், ஆரக்கிள் ‘நல்’ (மதிப்பே இல்லை என்ற குறி) தரும். எஸ்க்யூலைட்டோ அந்த இடத்துக்கு முன்னால் உள்ளவற்றைத் தரும்: 4-ஆம் இடம், -2 என்றால் ‘ஆஇ’. ஒரே கேள்விக்கு நான்கு விதமான விடை. எது சரி என்று வாதாடிப் பயனில்லை. அந்தந்த டேட்டாபேஸின் கையேட்டில் உள்ளதை எதிர்பார்ப்பாக எழுதிச் சோதித்து வையுங்கள். இடம், எண்ணிக்கை, சரம் எதுவானாலும் ‘நல்’ என்றால் விடையும் ‘நல்’ ஆக இருக்க வேண்டும். ஆரக்கிளில் வெற்றுச் சரமும் ‘நல்’லும் ஒன்று என்பதை மறந்தால் ஒப்பீடு கவிழும்.

மிகப் பெரிய எண்ணையும் விடக்கூடாது. 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2147483647. இரண்டாம் இடத்திலிருந்து 2147483646 என்று கேட்டால், உள்ளே இரண்டையும் கூட்டும்போது உச்சத்தைத் தாண்டி எதிர்ம எண்ணாகப் புரண்டுவிடக்கூடும். போஸ்ட்கிரெஸின் சொந்த ரிக்ரஷன் டெஸ்ட்டில் (மாற்றங்களால் பழைய வேலைகள் கெடவில்லை என்று பார்க்கும் சோதனை) இதே எண் இருக்கிறது; ஆறெழுத்து ஆங்கிலச் சொல்லில் இரண்டாவதிலிருந்து மிச்சம் ஐந்தும் வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு.

அந்த ரிக்ரஷன் டெஸ்ட்டில் இன்னொரு பகுதி நமக்கு மிகவும் வேண்டியது. 1234567890 என்ற பத்து இலக்கத்தை 10,000 முறை அடுக்கி ஒரு லட்சம் எழுத்துள்ள சரம் செய்கிறார்கள். இரண்டு வரி சேர்த்த பின், நெடுவரிசையின் சேமிப்பு வகையை ‘எக்ஸ்டர்னல்’ என மாற்றி, இன்னும் இரண்டு வரி சேர்க்கிறார்கள். முதலிரண்டும் சுருக்கி வைத்தவை, பின்னிரண்டும் சுருக்காமல் வெளியே வைத்தவை. (சேமிப்பு வகையை மாற்றினால் ஏற்கெனவே உள்ள வரிகள் மாறுவதில்லை, இனி எழுதுபவற்றுக்கே அது பொருந்தும். அதனால்தான் இந்த வரிசை.) பிறகு -1-ஆம் இடத்திலிருந்து 5 கேட்டால் 123 வர வேண்டும், 99995-ஆம் இடத்திலிருந்து 10 கேட்டால் 567890 வர வேண்டும். இடத்தைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடுவது இந்தச் சோதனையின் அழகு. ஆனால் முழுக்க இலக்கம். ஓர் இலக்கம் ஒரு பைட். தமிழ் நடக்கும் பாதை வேறு.

வேறு என்பதன் காரணம் இது. போஸ்ட்கிரெஸில் ஒரு வரி சுமார் 2 கிலோபைட்டைத் தாண்டினால் பெரிய மதிப்பைச் சுருக்கியோ, துண்டு துண்டாக வேறு அட்டவணையில் வைத்தோ சமாளிக்கும். இதற்கு டோஸ்ட் என்று பெயர். அப்படி வைத்த மதிப்பிலிருந்து ஒரு பகுதி மட்டும் வேண்டுமென்றால், முழுவதையும் எடுக்காமல் முன்பகுதியை மட்டும் எடுக்கப் பார்க்கும். எழுத்துக்கு எத்தனை பைட் என்று முன்கூட்டித் தெரியாததால், யூடிஎஃப்-8-இல் அதிகபட்சமான 4 பைட் வீதம் கணக்கிட்டு எடுக்கும். பத்து எழுத்துக்கு 40 பைட் என்று வையுங்கள். தமிழுக்கு எழுத்துக்கு 3 பைட். 40 பைட்டில் 13 எழுத்து முழுதாகவும், 14-ஆவதின் முதல் பைட் மட்டும் தனியாகவும் வரும். அந்தத் தொங்கலைத் தொடாமல், கேட்ட பத்தை மட்டும் எண்ணி எடுக்க வேண்டும். எடுத்த துண்டு முழுவதையும் சரிபார்க்கப் போனால் நல்ல தமிழ் உரையையே ‘செல்லாத பைட்’ என்று தள்ளிவிட நேரும். ஒன்பது எழுத்துக் கணக்கென்றால் 36 பைட், சரியாக 12 எழுத்து, தொங்கல் இல்லை. பதினொன்றுக்கு 44 பைட், தொங்கல் இரண்டு பைட். எனவே ஒரே ஓர் அளவில் சோதித்தால் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் பிழை ஒளிந்துகொள்ளும். அடுத்தடுத்த மூன்று அளவிலும் கேட்டே ஆக வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். க்வெரிக்குள் நேராக மேற்கோளில் எழுதும் சரம் இந்தத் துண்டு எடுக்கும் வழியே போவதில்லை. சின்னப் பெயரும் போவதில்லை. சோதிப்பவர் பத்து எழுத்தை க்வெரியில் தட்டிப் பார்த்துத் ‘தேறியது’ என்று எழுதுவார். நீண்ட கட்டுரையோ தீர்ப்போ இருக்கும் உண்மை அட்டவணையில் அதே ஃபங்ஷன் வேறு நிரல் வழியாக ஓடும். சோதனைச் சரம் அட்டவணையில் சேமித்ததாகவும் நீளமாகவும் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான். தமிழில் 700 குறியெண் தாண்டினால் 2,100 பைட் ஆகிவிடும், அந்த எல்லைக்கு அப்பால் போனதாகக் கொள்ளலாம். பத்தாயிரம் மடங்கு என்றால் கேள்விக்கே இடமில்லை.

ஆகவே அதே சோதனையைத் தமிழில் வையுங்கள். ‘அஆஇஈஉஊஎஏஐஒ’ என்ற பத்தையும் 10,000 முறை அடுக்கினால் ஒரு லட்சம் எழுத்து, 3,00,000 பைட். முன்போலவே இரண்டு வரி சுருக்கி, இரண்டு வரி எக்ஸ்டர்னல். -1-ஆம் இடத்திலிருந்து 5 என்றால் ‘அஆஇ’. 99995-லிருந்து 10 என்றால் ‘உஊஎஏஐஒ’. தொடக்கத்திலிருந்து 9, 10, 11 என்று மூன்று முறை. அதன் பிறகு 660-ஆம் இடத்திலிருந்து 12. சுருக்காத வரிகளில் துண்டின் அளவு, வழக்கமான 8 கிலோபைட் பக்கத்துக்கு, 1,996 பைட். 665 எழுத்துக்கு 1,995 பைட் போக, 666-ஆவது எழுத்தின் முதல் பைட் ஒரு துண்டிலும் மற்ற இரண்டு அடுத்த துண்டிலும் விழுகின்றன. விடை ‘ஒஅஆஇஈஉஊஎஏஐஒஅ’ என்று வர வேண்டும். அதில் நிற்கும் ‘ஊ’தான் இரண்டு துண்டில் கிழிந்து கிடந்து ஒட்டப்பட்டது. 14-ஆம் பதிப்பு முதல் சுருக்கும் முறையாக எல்இசட்4-ஐயும் தேர்ந்தெடுக்கலாம் என்பதால், அதைப் பயன்படுத்துகிறவர்கள் சுருக்கிய வரிகளை இரு முறையிலும் வைக்க வேண்டும்.

எந்த டேட்டாபேஸுக்கும் பொருந்தும் ஒரு பொதுச் சோதனை உண்டு. எந்த இடத்தில் வெட்டினாலும் இடத்துண்டையும் வலத்துண்டையும் ஒட்டினால் பழைய சரம் அப்படியே வர வேண்டும். 0 முதல் சரத்தின் நீளம் வரை ஒவ்வொரு இடத்திலும் வெட்டி ஒட்டி ஒப்பிடுங்கள். ஒப்பீட்டைப் பைட் அளவில் செய்யுங்கள். காலேஷன் வழி ஒப்பீடு வால் இடைவெளியைக் கண்டுகொள்ளாமல் விடக்கூடும், இரண்டு வடிவையும் சமம் என்றும் சொல்லக்கூடும். மைஎஸ்க்யூஎல்லில் ஒட்டுவதற்கு இரட்டைச் செங்குத்துக் கோட்டைப் போட்டால் அதை ‘அல்லது’ என்றே எடுத்துக்கொள்ளும், கான்கேட் ஃபங்ஷனைப் பயன்படுத்துங்கள். இந்தச் சோதனை தேறினால் பைட் எதுவும் தொலையவில்லை என்று உறுதி. எழுத்து உடையவில்லை என்பதற்கு இது சான்று ஆகாது. ‘தமிழ’வையும் தனிப் புள்ளியையும் ஒட்டினாலும் ‘தமிழ்’ வந்துவிடும்.

எழுத்து உடையாமல் வெட்டுவதற்கு வழி எளிது. 20-இல் வெட்ட வேண்டுமென்றால் 21-ஆவது குறியெண் என்ன என்று முதலில் பாருங்கள். அது 3006 முதல் 3021 வரையிலோ, 3031 ஆகவோ இருந்தால் அது தனக்கு முந்தைய எழுத்தோடு சேர்ந்த குறி. ஓரிடம் பின்வாங்கி மறுபடி பாருங்கள். முத்துக்குமாரசாமியில் 21-ஆவது இகரக் குறி, 3007. பின்வாங்கினால் 20-ஆவது ‘ம’, அது குறி அல்ல. ஆகவே 19-இல் வெட்டலாம். ‘மீ. முத்துக்குமாரசா’ என்று வரும். பெயர் முழுதாகவில்லை, ஆனாலும் இருக்கும் எழுத்து எல்லாம் அவருடையது. போஸ்ட்கிரெஸில் சப்ஸ்ட்ரிங்குக்கு எண்ணுக்குப் பதில் ரெகெக்ஸ் (எழுத்துகளின் அமைப்பை விவரிக்கும் தேடல் குறிமுறை) வடிவமும் கொடுக்கலாம்: 2947 முதல் 3001 வரை ஓர் எழுத்து, அதன் பின் குறிகள் எத்தனையும், இந்தத் தொகுதி இத்தனை முறை. அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வடிவத்துக்குள் அடைப்புக்குறி இருந்தால் அந்த அடைப்புக்குள் விழுந்ததை மட்டுமே திருப்பித் தரும். மூன்று எழுத்து கேட்டவருக்குக் கடைசி ஒன்று மட்டும் கிடைக்கும். முழு வடிவத்தையும் சுற்றி வெளியே இன்னோர் அடைப்பு போட வேண்டும்.

டக்டிபி என்ற டேட்டாபேஸில் எழுத்துக் கொத்தாக வெட்டும் சப்ஸ்ட்ரிங்-கிராஃபீம் என்ற தனி ஃபங்ஷனே இருக்கிறது. புள்ளி, கொம்பு, கால் எதுவும் உதிராது. கூட்டெழுத்தில் மட்டும் கவனம் வேண்டும். ‘க்ஷ’ யூனிகோடு விதிப்படி ‘க்’, ‘ஷ’ என இரண்டாகவே எண்ணப்படும். ‘ஸ்ரீ’யும் அப்படியே இரண்டு. ‘லக்ஷ்மி’யையும் ‘ஸ்ரீரங்கம்’ என்பதையும் சோதனைப் பட்டியலில் கட்டாயம் வையுங்கள். 2005-இல் யூனிகோடில் ‘ஶ’ சேர்ந்த பிறகு ‘ஸ்ரீ’யை ஶகரத்தில் தொடங்கியும் எழுதுகிறார்கள், அது 2998-இல் தொடங்கும், மற்றது 3000-இல். ‘க்ஷ’ ஒட்டக்கூடாது என்று இடையில் கண்ணுக்குத் தெரியாத 8204 என்ற இணைப்புத் தடையைப் போடுகிறவர்களும் உண்டு, அதுவும் ஓரிடம் எடுக்கும். 2019-இல் யூனிகோடில் சேர்ந்த தமிழ்ப் பின்னக் குறிகள் 4 பைட் உடையவை. 320-இல் ஒன்றைக் குறிக்கும் முந்திரிக் குறியை ஒரு சோதனைச் சரத்தின் நடுவில் வைத்தால், மைஎஸ்க்யூஎல்லில் 3 பைட்டோடு நிற்கும் பழைய ‘யூடிஎஃப்8’ நெடுவரிசைகள் உடனே அகப்படும். எழுத்துக்கு ஒரு குறியெண் என்று அமைந்த டேஸ்16 என்ற முறையையும் யூனிகோடோடு சேர்த்துத் தமிழக அரசு 2010-இல் தரமாக அறிவித்தது. அதில் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. ஆனால் நம் பெயர்கள் கிடக்கும் டேட்டாபேஸ்கள் யூனிகோடிலேயே இருக்கின்றன, சோதனையும் அங்கேயே நடக்க வேண்டும்.

குறுஞ்செய்தி அனுப்பும் அலுவலகங்களுக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் 160 எழுத்து அடங்கும் செய்தியில் தமிழ் 70 குறியெண்தான் அடங்கும். தொடர் செய்தியாக அனுப்பினால் பகுதிக்கு 67. பகுதிகளை ஒட்டும் வேலையைக் கைபேசியே செய்யும்படி அனுப்பினால் எங்கே வெட்டினாலும் கேடில்லை. செலவு கணக்குக்காக டேட்டாபேஸிலேயே 70, 70 ஆகச் சப்ஸ்ட்ரிங் போட்டுத் தனித்தனிச் செய்தியாக அனுப்பினால், இரண்டாவது செய்தி கொம்பிலோ புள்ளியிலோ தொடங்கும். மேலே சொன்ன பின்வாங்கும் விதியை அங்கேயும் வைக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு சோதனைக் கோப்பாக எழுத ஒரு நாள் போதும். ‘தமிழ்’, ‘கோபால்’ இரு வடிவிலும், ‘சௌந்தரம்’, ‘லக்ஷ்மி’, ‘ஸ்ரீரங்கம்’, ‘மீ. முத்துக்குமாரசாமி’, உயிரெழுத்து ஆறு, ஒரு லட்சம் எழுத்துச் சரம். இதை உண்மை டேட்டாபேஸின் நகல் ஒன்றில், அதே குறியாக்கம், அதே காலேஷன், அதே சேமிப்பு வகையோடு ஓட்ட வேண்டும். சிறு பதிப்பு மேம்பாடு ஆனாலும், பாதுகாப்புத் திருத்தம் மட்டும் ஆனாலும், உண்மை டேட்டாபேஸுக்கு ஏற்றுவதற்கு முன் நகலில் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே வால் அறுந்து சேமிக்கப்பட்ட பெயர்களை எந்தச் சோதனையும் மீட்டுத் தராது. நெடுவரிசையின் அளவைத் தொட்டு நிற்கும் நீளமுள்ள பெயர்களை முதலில் வடித்தெடுத்து, மூல விண்ணப்பத்தோடு ஒப்பிட்டுத்தான் திருத்த முடியும். அந்தப் பட்டியலை எடுக்கும் வேலையை இன்றே தொடங்கலாம். நீளம் 20 ஆக இருக்கும் வரிகளை மட்டும் கொடு என்று ஒரு வரி க்வெரி போதும்.

இப்படிக்கு,
டேட்டாபேஸ் சோதனைப் பணியில் உள்ள வாசகர்,
கோயம்புத்தூர்.